ஒப்பிடத் தரும் படம்: ஆய்வு முடிவுகளை வரைந்து சொல்லுதல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)

வணிகக் கணக்குகளைக் கோடாகவும் பட்டையாகவும் வரைந்து காட்டும் வழக்கம் 1786-இல் லண்டனில் வெளிவந்த ஒரு நூலிலிருந்து தொடங்குகிறது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கை நாடுவாரியாகப் பிரித்தார். ஆண்டுகளைக் கிடை அச்சிலும் பணத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து இரண்டு கோடுகளை ஓடவிட்டார். இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட பரப்பே வணிகத்தின் மிச்சம் அல்லது பற்றாக்குறை. ஸ்காட்லாந்தின் கணக்குக்கு வந்தபோது அவர் கையில் இருந்தது ஓராண்டு விவரம் மட்டும்: 1780 கிறிஸ்துமஸ் முதல் 1781 கிறிஸ்துமஸ் வரை. ஓராண்டை வைத்துக்கொண்டு கோடு இழுக்க முடியாது. எனவே 17 நாடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பட்டைகள் வரைந்தார். பட்டை வரைபடம் இப்படி, தரவு போதாத ஒரு நெருக்கடியில் பிறந்தது. மற்றப் படங்களைவிட இது பயன் குறைந்தது என்றே அவர் கருதினார். பிற்காலத்து ஆய்வேடுகளை அவர் பார்த்திருந்தால் திகைத்துப் போயிருப்பார்.

இந்தச் சிறு வரலாற்றில் இவ்வுரையின் மையக் கருத்து அடங்கியிருக்கிறது. ஆய்வுப் படம் என்பது ஓர் ஒப்பீடு. எதை எதனோடு ஒப்பிட வேண்டும் என்று ஆய்வாளர் முடிவு செய்த பிறகுதான் கோடா, பட்டையா, புள்ளியா, நிலப்படமா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். ஒப்பீட்டுக்கு வேண்டிய தரப்புகளில் ஒன்று விடுபட்டாலும், எவ்வளவு நேர்த்தியாக வரைந்திருந்தாலும், அந்தப் படம் சான்றாக நிற்காது. அவையில் அறிவியல் துறையினரும் கலைத்துறையினரும் கலந்து அமர்ந்திருப்பதால், எடுத்துக்காட்டுகள் மருத்துவம், விண்வெளி, வானிலை, தொல்லியல் எனப் பல இடங்களிலிருந்து எடுக்கப்பட்டுள்ளன. மென்பொருள்களை இயக்கும் முறை இங்கே பேசப்படவில்லை. அதற்குப் பயிற்சிப் பட்டறைகள் உண்டு.

1. கேள்விக்குப் பிறகே படம்

லண்டனின் சோஹோ பகுதியில் 1854 ஆகஸ்ட் 31 இரவு காலரா வெடித்தது. பத்தே நாளில் 500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட காற்றுதான் நோயைப் பரப்புகிறது என்று மருத்துவ உலகம் நம்பிய காலம் அது. மருத்துவர் ஜான் ஸ்னோ தண்ணீர்தான் காரணம் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தார். அவர் சந்தேகித்த பிராட் தெருத் தண்ணீர்க் குழாயின் கைப்பிடி செப்டம்பர் 8-ஆம் தேதி கழற்றப்பட்டது. புகழ்பெற்ற அந்த நிலப்படம் அச்சில் வந்ததோ 1855-இல். வரைபடத்தைப் பார்த்ததும் குழாய்தான் குற்றவாளி என்று ஸ்னோவுக்குப் பளிச்சென்று புலப்பட்டதாகப் பாடநூல்கள் சொல்லும் கதை பிழையானது. விடை அவரிடம் முன்பே இருந்தது. அந்த விடையைப் பிறர் சரிபார்க்க வைப்பதற்காகவே அவர் படம் வரைந்தார்.

படத்தின் நுட்பமும் இங்கேதான். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சிறு கறுப்புப் பட்டை. அது நிகழ்ந்த வீட்டு வாசலில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. குழாய்கள் அனைத்தும் குறிக்கப்பட்டன, பிராட் தெருக் குழாய் மட்டுமல்ல. சாவு மிகுந்த இடத்தைக் காட்டியதோடு ஸ்னோ நின்றுவிடவில்லை. சாவு இருக்க வேண்டிய இடத்தில் ஏன் இல்லை என்றும் கேட்டார். போலந்து தெருவில் இருந்த ஏழையர் விடுதியைச் சுற்றிலும் சாவு. உள்ளே 535 பேரில் இறந்தவர்கள் ஐந்தே பேர். அந்த விடுதிக்குச் சொந்தக் கிணறு இருந்தது. பிராட் தெருவிலேயே இருந்த மது வடிப்பாலையில் 70-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள். அவர்களில் காலராவில் இறந்தவர் எவருமில்லை. அவர்களுக்கு அன்றாடம் மது ஒதுக்கீடு உண்டு. தெருக் குழாயின் பக்கமே அவர்கள் போகவில்லை. எதிர்த்திசையிலும் ஒரு சான்று கிடைத்தது. சில மைல் தள்ளி ஹாம்ஸ்டெட்டில் வாழ்ந்த ஒரு மூதாட்டி காலராவில் இறந்தார். பிராட் தெருத் தண்ணீரின் சுவை பிடித்துப்போய், நாள்தோறும் ஒரு புட்டி வரவழைத்துக் குடித்தவர் அவர்.

ஸ்னோவின் படத்தின் அடுத்த வடிவத்தில் ஒரு கோடு கூடுதலாக வந்தது. பிராட் தெருக் குழாய்க்கும் மற்றக் குழாய்களுக்கும் சமமான நடைதூரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடு அது. பறவை பறக்கும் நேர்த்தூரத்தை அவர் எடுக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு சந்துகளின் வழியே நடக்கும் தூரத்தை எடுத்தார். தண்ணீர் எடுக்கப் போகும் ஒருவர் எந்தக் குழாயைத் தேர்ந்தெடுப்பார் என்பதே ஆய்வின் கேள்வி. தூரத்தின் அளவை அந்தக் கேள்வி முடிவு செய்தது.

2. படத்தில் வராத புள்ளிகள்

1986 ஜனவரி 27 இரவு அமெரிக்காவில் ஒரு தொலைபேசிக் கலந்தாய்வு நடந்தது. மறுநாள் காலை சேலஞ்சர் விண்ணோடத்தை ஏவலாமா என்பது கேள்வி. ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகி வேலை செய்யாமல் போகலாம் என்று அந்த ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் அஞ்சினார்கள். அதுவரை நடந்த ஏவல்களில் மிகக் குளிரானது 53 பாரன்ஹீட், அதாவது ஏறத்தாழ 12 செல்சியஸ். அன்றிரவோ உறைநிலைக்கும் கீழே போகும் என்று முன்னறிவிப்பு. பொறியாளர்கள் அவசரமாகத் தயாரித்த தாள்கள் தொலைநகலில் அனுப்பப்பட்டன.

அந்தத் தாள்களில் வளையம் பழுதுபட்ட ஏவல்களின் விவரம் இருந்தது. 53 பாரன்ஹீட்டில் பழுது, 75-இலும் பழுது. ஏவலாம் என்ற தரப்பு இதைப் பிடித்துக்கொண்டது: குளிரிலும் பழுது, வெப்பத்திலும் பழுது என்றால் குளிருக்கும் பழுதுக்கும் என்ன தொடர்பு? நிறுவனத்தின் நிர்வாகம் பொறியாளர்களின் பரிந்துரையைக் கைவிட்டது. மறுநாள் ஏவப்பட்ட 73-ஆவது வினாடியில் விண்ணோடம் சிதறி, ஏழு பேர் இறந்தார்கள்.

விசாரணைக்காக அமைந்த ரோஜர்ஸ் ஆணையம், பழுதே இல்லாத ஏவல்களையும் சேர்த்துப் பார்த்தது. 66 பாரன்ஹீட்டிலும் அதற்கு மேலும் 20 ஏவல்கள். அவற்றில் மூன்றில் மட்டும் பழுது. 63-இலும் அதற்குக் கீழும் நான்கு ஏவல்கள், நான்கிலும் பழுது. அவையோர் கவனிக்க வேண்டிய இடம் இது. பழுதான ஏழு புள்ளிகளை மட்டும் வைத்தால் எந்தப் போக்கும் தெரியாது. பழுதாகாத 17 புள்ளிகளைச் சுழிக் கோட்டில் சேர்த்தவுடன், அவை அனைத்தும் வெப்பமான பக்கத்தில் கூட்டமாக அமர்கின்றன. ஒன்றும் நடக்காத நாள்களே அந்தப் படத்தில் பேசுகின்றன.

வரைபடவியல் அறிஞர் எட்வர்ட் டஃப்டி 1997-இல் இதை எடுத்துக்காட்டி, பொறியாளர்கள் படத்தைச் சரியாக வரைந்திருந்தால் ஏவல் நின்றிருக்கும் என்ற பொருள்பட எழுதினார். எச்சரித்த பொறியாளர்களில் ஒருவரான ரோஜர் பாஷோலி உள்ளிட்டோர் 2002-இல் அதை மறுத்தார்கள்: முழுத் தரவும் அந்த இரவில் தங்கள் கையில் இல்லை, டஃப்டி காற்றின் வெப்பநிலையையும் வளையத்தின் வெப்பநிலையையும் குழப்பிவிட்டார். மறுப்பில் நியாயம் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரத்தில் ஏவவிருக்கும் ஒரு விண்ணோடத்தை நிறுத்தும் சுமையை ஒரு வரைபடத்தின்மேல் மட்டும் ஏற்றுவது மிகை. ஆனாலும் பழுதைப் பற்றிப் பேசும் படத்தில் பழுதில்லாதவையும் இருக்க வேண்டும் என்ற விதி அதனால் தளரவில்லை. தேர்ச்சி பெறாத மாணவர்களிடம் மட்டும் கருத்துக் கேட்டுக் காரணம் சொல்லும் கல்வியியல் ஆய்வேடுகளுக்கும் அது பொருந்தும்.

3. கண்ணின் அளவுத்திறன்

1984-இல் வில்லியம் கிளீவ்லாண்டும் ராபர்ட் மெக்கில்லும் அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரே எண்ணைப் பல வடிவங்களில் காட்டி, பார்ப்பவர்கள் எவ்வளவு சரியாக மதிப்பிடுகிறார்கள் என்று அளந்தார்கள். ஒரே அளவுகோலின்மேல் உள்ள இடத்தைக் கண் மிகத் துல்லியமாகப் படிக்கிறது. அடுத்தது நீளம், பிறகு கோணம், பிறகு பரப்பு, கன அளவும் நிறச் செறிவும் கடைசியில்.

வட்ட வரைபடத்தின் குறை இதிலிருந்து விளங்கும். அது கோணத்தையும் பரப்பையும் ஒப்பிடச் சொல்கிறது. கால், அரை போன்ற பெரும் பங்குகளுக்கு அது போதும். 23 விழுக்காட்டையும் 26 விழுக்காட்டையும் பிரித்துப் பார்க்க அது உதவாது. எக்ஸெல் தரும் முப்பரிமாண வட்டத்தில் முன்பக்கத் துண்டு பெருத்துத் தெரியும். ஆய்வேட்டில் அதற்கு இடமே இல்லை. பட்டை நீளத்தால் பேசுவதால் அது சுழியில் தொடங்க வேண்டும். கோட்டு வரைபடம் இடத்தாலும் சரிவாலும் பேசுவதால் அந்தக் கட்டாயம் அதற்கு இல்லை. உடல் வெப்பநிலையைச் சுழியிலிருந்து வரைந்தால் காய்ச்சலே தெரியாது.

பரப்பில் இன்னொரு பொறி உண்டு. வட்டத்தின் ஆரத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் இதில் ஒருமுறை சிக்கினார். கிரிமியப் போரில் பிரிட்டானியப் படையின் சாவுகளை மாதவாரியாக வட்டத்தைச் சுற்றி வரைந்தபோது, முதல் வடிவத்தில் எண்ணை ஆரத்தின் நீளமாக வைத்தார். பெரிய மாதங்கள் பன்மடங்கு ஊதிப்போயின. 1858-இல் வெளிவந்த புகழ்பெற்ற வடிவத்தில் பரப்பே எண்ணுக்கு இணையாக இருக்குமாறு திருத்தினார். நீலம் தடுக்கக்கூடிய நோய்ச்சாவு, சிவப்பு காயச்சாவு, கறுப்பு பிற. 1855 ஜனவரியில் நோயால் 2,761 பேர், காயத்தால் 83 பேர். நீல இதழுக்கு முன் சிவப்பு ஒரு கீற்றாகச் சுருங்கிக் கிடக்கிறது. போர்க்களத்தைவிட மருத்துவமனையின் அழுக்கு அதிகம் பேரைக் கொன்றது என்பதை அமைச்சர்கள் ஒரே பார்வையில் உணர வேண்டும் என்பது அவர் நோக்கம். அந்த ஒப்பீட்டை அவர் படம் செம்மையாகச் செய்கிறது.

ஆனால் அதே படம் இன்னோர் ஒப்பீட்டையும் செய்கிறது. அங்கே எச்சரிக்கை தேவை. 1855 மார்ச் வரை ஒரு வட்டம், ஏப்ரலிலிருந்து மற்றொன்று. மருத்துவமனைகளைச் சீர்செய்ய அனுப்பப்பட்ட துப்புரவு ஆணையம் வந்து சேர்ந்தது அந்த மார்ச்சில். பெரிய வட்டத்தையும் சிறிய வட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், ஆணையம் வந்ததால் சாவு குறைந்தது என்று முடிவுகட்டுவார். எண்களை ஒரே கோட்டில் வரைந்தால் நோய்ச்சாவு ஜனவரியில் 2,761, பிப்ரவரியில் 2,120, மார்ச்சில் 1,205 என்று அதற்கு முன்பே இறங்கத் தொடங்கியது தெரியும். நைட்டிங்கேல் பொய் சொல்லவில்லை. எண்களைத் தம் அறிக்கையில் முழுமையாகவே கொடுத்தார். இருந்தும், படத்தை எங்கே இரண்டாக வெட்டுவது என்ற தேர்வே ஒரு வாதமாகிவிடுகிறது.

4. சராசரியின் பின்னால்

ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973-இல் நான்கு சிறு தரவுத் தொகுதிகளை உருவாக்கிக் காட்டினார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் ஒரு மாறியின் சராசரி 9, மற்றதன் சராசரி 7.5, ஒட்டுறவுக் கெழு 0.82, பொருத்திய நேர்கோடும் ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைகோடு, ஒன்றில் நேர்கோட்டை விட்டு ஒரு புள்ளி விலகி நிற்கிறது, நான்காவதில் ஒரே ஒரு புள்ளிதான் மொத்தத் தொடர்பையும் தாங்குகிறது. கணினியில் எண்ணைக் கொடுத்து விடையை வாங்கினால் போதும் என்ற மனப்போக்குக்கு அவர் தந்த பதில் அது.

உயிரியல், மருத்துவ இதழ்களில் இந்தச் சிக்கல் வேறு உருவத்தில் தொடர்கிறது. 2015-இல் ட்ரேசி வைஸ்கெர்பரும் சக ஆய்வாளர்களும் முன்னணி உடலியங்கியல் இதழ்களில் வந்த 703 கட்டுரைகளைப் பரிசீலித்தார்கள். தொடர்மாறித் தரவைப் பட்டையாகக் காட்டும் பழக்கமே அவற்றில் மேலோங்கியிருந்தது. ஒவ்வொரு குழுவிலும் ஐந்தாறு எலிகள். ஆறு எண்களையும் புள்ளிகளாகவே வைத்துவிடலாம். பட்டையாக வரைந்தால் இரண்டு எலிகள் மட்டும் சராசரியை இழுத்துப்போனதா, ஆறும் சேர்ந்து நகர்ந்ததா என்பது மறைந்துபோகிறது. ஒரே எலியைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்திருந்தால், அந்த இரண்டு புள்ளிகளையும் ஒரு மெல்லிய கோட்டால் இணைக்க வேண்டும். ஒப்பீடு அந்த எலிக்குள் நடக்கிறது.

பட்டையின் தலையில் நிற்கும் பிழைக்கோட்டைப் பற்றிக் கேட்டால் வாய்மொழித் தேர்வில் பல மாணவர்கள் தடுமாறுகிறார்கள். அது திட்டவிலக்கமாக இருக்கலாம், திட்டப்பிழையாக இருக்கலாம், 95 விழுக்காடு நம்பக இடைவெளியாகவும் இருக்கலாம். ஒன்பது மாதிரிகள் உள்ள குழுவில் திட்டப்பிழை திட்டவிலக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு. நம்பக இடைவெளியின் ஒரு கை திட்டப்பிழையைப்போல் சுமார் 2.3 மடங்கு. மூன்றும் பார்வைக்கு ஒரே மீசைக்கோடு. எது என்று படக்குறிப்பில் எழுதாத படத்தை நெறியாளர் கையெழுத்திடாமல் திருப்பிக் கொடுப்பது நல்லது. மூன்றில் சிறியது திட்டப்பிழை என்பதால் அதையே தேர்ந்தெடுக்கும் வழக்கமும் உண்டு. அது பற்றி விரித்துச் சொல்லத் தேவையில்லை.

5. நிறம்

வானவில் நிறவரிசை நெடுங்காலம் மென்பொருள்களின் இயல்பிருப்பாக இருந்தது. அதன் குறை எளிது. மஞ்சள் பளிச்சென்று தெரிவதால், தரவில் எல்லையே இல்லாத இடத்திலும் கண் ஒரு விளிம்பைக் காணும். பச்சையின் அகன்ற பகுதியில் உண்மையான வேறுபாடு கரைந்துபோகும். பச்சை, சிவப்பு இரண்டையும் பிரித்தறிய இயலாதவர்கள் வட ஐரோப்பிய வழி ஆண்களில் சுமார் 8 விழுக்காடு. பிற மக்களிடம் விகிதம் சற்றுக் குறைவு, இல்லாமல் இல்லை. மாட்லாப் 2014-இல் வானவில்லைக் கைவிட்டு பாருலா என்ற நிறவரிசைக்கு மாறியது. பைத்தானின் மேட்பிளாட்லிப் 2017-இல் விரிடிஸுக்கு வந்தது. விரிடிஸில் வெளிச்சம் கீழிருந்து மேல்வரை ஒரே சீராக ஏறும். கறுப்பு வெள்ளையில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பார்ப்பதே இதற்கு மலிவான சோதனை. ஆய்வேட்டின் நூலகப் பிரதி பல இடங்களில் அப்படித்தான் போய்ச் சேர்கிறது. சிவப்புக் கோடு, பச்சைக் கோடு என்று மட்டும் பிரித்த படம் அங்கே இரண்டு சாம்பல் கோடுகளாகிவிடும்.

2019 ஏப்ரல் 10 அன்று வெளியான எம்87 கருந்துளைப் படத்தின் ஆரஞ்சு நிறமும் சூட்டப்பட்டதே. பதிவானது 1.3 மில்லிமீட்டர் ரேடியோ அலை. அதற்குக் கண்ணறிந்த நிறம் கிடையாது. நிறத்தைவிட, படத்தை உருவாக்கிய குழு எடுத்த முன்னெச்சரிக்கைதான் பாடம்: நான்கு அணிகள் ஒன்றோடொன்று பேசாமல் தனித்தனியே படத்தை மீட்டெடுத்து, பிறகு ஒப்பிட்டார்கள். நான்கிலும் வளையம் வந்தது.

6. நிச்சயமின்மையை வரைதல்

புயலின் பாதையைக் காட்டும் கூம்பு தமிழகக் கடற்கரை மாவட்டங்களில் ஆண்டுதோறும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கைப்பேசிகளில் சுற்றிவருகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை வங்கக் கடல் புயல்களுக்கு அதை வெளியிடுகிறது. அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையத்தின் கூம்பு கட்டப்படும் விதம் நன்கு விளக்கப்பட்டிருக்கிறது: கடந்த ஐந்தாண்டு முன்னறிவிப்புகளில் நேர்ந்த பிழைகளை எடுத்து, மூன்றில் இரண்டு பங்கு பிழைகள் உள்ளடங்கும் அளவுக்கு ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு வட்டம் வரைந்து, வட்டங்களை இணைக்கிறார்கள். புயலின் மையம் கூம்புக்கு வெளியே போகும் வாய்ப்பு மூன்றில் ஒன்று என்பது இதன் பொருள். கூம்பு போகப்போக அகல்வது கணிப்பின் பிழை வளர்வதால்.

பார்ப்பவர்கள் இதை மூன்று விதமாகத் தவறாகப் படிக்கிறார்கள். கூம்பின் அகலமே புயலின் அளவு என்று நினைப்பது ஒன்று. கோட்டுக்கு வெளியே இருந்தால் மழையும் இல்லை, காற்றும் இல்லை என்று நினைப்பது இன்னொன்று. நடுக்கோட்டை மட்டும் பார்ப்பது மூன்றாவது. 2004 ஆகஸ்ட் 13 அன்று சார்லி சூறாவளி புளோரிடாவில் கரையேறியபோது இந்த மூன்றாவது பிழை பெரிதாகப் பேசப்பட்டது. நடுக்கோடு டாம்பாவை நோக்கியிருந்தது. புயல் தெற்கே பன்டா கோர்டாவைத் தாக்கியது. அந்த ஊர் எச்சரிக்கைக் கூம்புக்குள்தான் இருந்தது.

நடுக்கோட்டை நீக்கிவிடலாம் என்பார் உண்டு. கூம்புக்குப் பதில் பல சாத்தியப் பாதைகளைத் தனித்தனிக் கோடுகளாக வரையலாம் என்பார் உண்டு. பின்னதில் வேறொரு தொல்லை: ஏதேனும் ஒரு கோடு தம் ஊரின்மேல் ஓடினால், பக்கத்து ஊரைவிடத் தமக்கே ஆபத்து மிகுதி என்று மக்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தவறாகப் படிக்கவே முடியாத படம் இங்கே கிடையாது. மீனவருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் வெவ்வேறு ஒப்பீடுகள் தேவை. ஒருவர் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று பார்க்கிறார். மற்றவர் எந்த வட்டத்துக்கு எத்தனை பேருந்து அனுப்புவது என்று பார்க்கிறார். ஒரே கூம்பு இருவருக்கும் போதும் என்று வைத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

7. ஒளிப்படம், வரைவு

1953 ஏப்ரல் 25 தேதியிட்ட நேச்சர் இதழில் டிஎன்ஏ பற்றி அடுத்தடுத்து வந்த கட்டுரைகளில் இரண்டு வகைப் படங்கள் உள்ளன. வாட்சன், கிரிக் கட்டுரையில் இரட்டைச் சுருள். ஃபிரான்சிஸ் கிரிக்கின் மனைவியும் ஓவியருமான ஓடீல் கிரிக் வரைந்தது. அது வெறும் வரைவு மட்டுமே என்று அதன் குறிப்பு சொல்லிவிடுகிறது. ரோசலிண்ட் ஃபிராங்க்ளினும் ரேமண்ட் காஸ்லிங்கும் எழுதிய கட்டுரையில் எக்ஸ் கதிர் ஒளிப்படம். முன்னது கருதுகோள், பின்னது சான்று. இரண்டும் படங்களே என்றாலும் வாசகர் அவற்றிடம் கேட்கும் கேள்வி வேறு. வரைவைச் சான்றுபோல் காட்டுவதும், ஒளிப்படத்தை வரைவுபோல் திருத்துவதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள்.

இரண்டாவது குற்றம் பரவலானது. எலிசபெத் பிக்கும் வேறு இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், 40 இதழ்களில் வந்த 20,621 உயிரியல் மருத்துவக் கட்டுரைகளைக் கண்ணால் சோதித்தபோது 3.8 விழுக்காட்டில் சிக்கலான படங்கள் இருந்தன. அவற்றில் குறைந்தது பாதியில் வேண்டுமென்றே செய்த அடையாளம் தெரிந்தது. ஒரே படத்தைத் திருப்பிப்போட்டு வேறு சோதனையின் முடிவாகக் காட்டியவை அவற்றில் உண்டு.

தொல்லியல் இதில் நல்ல மரபு ஒன்றை வைத்திருக்கிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். அறிக்கை 1946-இல் ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இரண்டாம் இதழில் வந்தது. குழியின் சுவரை அப்படியே தாளில் எழுதியதுபோன்ற வெட்டுமுகப் படங்கள் அதில் உள்ளன. மண்ணடுக்குகள் ஒவ்வொன்றுக்கும் எண், பக்கத்தில் அளவுகோல். இத்தாலியிலிருந்து வந்த, காலம் தெரிந்த அரிட்டைன் மட்கலத் துண்டு எந்த அடுக்கில் கிடைத்தது, உள்ளூர்க் கலம் அதற்கு மேலா கீழா என்பதைப் படத்தில் வைத்தே பார்க்கலாம். மேல், கீழ் என்ற ஒப்பீட்டில்தான் காலம் கணிக்கப்படுகிறது. 1983-இல் விமலா பெக்லி அரிக்கமேட்டின் காலவரிசையை மறுபடி அலசி, குடியிருப்பின் தொடக்கத்தை முன்னே தள்ளினார். ஒரு முடிவை மறுக்க வேண்டுமானால் அதன் அடுக்கு விவரம் அச்சில் இருக்க வேண்டும். அகழ்ந்த குழியை எவரும் இரண்டாம் முறை அகழ முடியாது. அளவுகோல் இல்லாமல், திசைக்குறி இல்லாமல், கைப்பேசியில் சாய்வாக எடுத்த அகழாய்வுப் படம் எந்த மறுபார்வைக்கும் உதவாது.

8. நடுவில் நிற்பவர்

வியன்னாவில் 1925-இல் ஓட்டோ நொய்ராத் தொடங்கிய சமூகப் பொருளாதார அருங்காட்சியகம், புள்ளிவிவரங்களைத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் படமாகச் சொன்னது. பின்னாளில் ஐசோடைப் எனப் பெயர் பெற்ற அந்த முறையின் முதல் விதி, அதிக எண்ணிக்கையைப் பெரிய உருவத்தால் காட்டாமல் அதிக உருவங்களால் காட்டுவது. உருவங்களைச் செதுக்கியவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ். ஆனால் அந்தக் குழுவின் உண்மையான புதுமை ஒரு பணியிடத்தில் இருந்தது. நிபுணர் தரும் அட்டவணையை வாங்கி, இதில் எதைச் சொல்ல வேண்டும், எதை எதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று முடிவு செய்து, பென்சிலில் ஒரு வரைவு போட்டு ஓவியரிடம் தருபவர் ஒருவர். மரீ ரைடமைஸ்டர் அந்த வேலையைச் செய்தார்.

இன்றைய பல்கலைக்கழகத்தில் அந்த ஆள் இல்லை. முனைவர் பட்ட மாணவரே நிபுணர், அவரே வரைவாளர், அவரே எக்ஸெல் இயக்குபவர். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவு படங்களும் அவரே. இதற்கு மாற்றாகச் செய்யக்கூடியது சிறியது. படத்தை வரைவதற்கு முன் படக்குறிப்பை எழுதிவிடலாம். ‘மாவட்டவாரி எழுத்தறிவு’ என்ற குறிப்பு ஒரு பெயர்ப்பலகைதான். எந்த மாவட்டங்களில் ஆண், பெண் எழுத்தறிவு இடைவெளி குறைந்தது, எவற்றில் குறையவில்லை என்று எழுதினால், படத்தில் இரண்டு கணக்கெடுப்புகளும் இரு பாலும் வேண்டும், மாவட்டங்கள் அகரவரிசையில் இல்லாமல் இடைவெளியின் வரிசையில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் தாமே முடிவாகிவிடும்.

கருத்தரங்க ஸ்லைடுக்கும் ஆய்விதழ்ப் படத்துக்கும் விதி ஒன்றல்ல. இதழில் வாசகர் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பார். அரங்கில் பின்வரிசைக்கு அரை நிமிடம் கிடைத்தால் அதிகம். ஆய்வேட்டுப் படத்தை அப்படியே வெட்டி ஒட்டிய ஸ்லைடில் அச்சின் எழுத்து முதல் வரிசைக்குக்கூடத் தெரிவதில்லை. பொதுமக்களுக்கு இன்னும் குறைக்கலாம். ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் 2018-இல் வெளியிட்ட வெப்பப் பட்டைகளில் அச்சும் இல்லை, எண்ணும் இல்லை. ஆண்டுக்கு ஒரு நிறக்கீற்று, நீலத்திலிருந்து சிவப்புக்கு. அன்று, இன்று என்ற ஒரே ஒப்பீட்டுக்கு அது போதும். அதே கீற்றை ஆய்விதழில் சான்றாக வைத்தால் நடுவர் ஏற்கமாட்டார், ஏற்கக் கூடாது.

கட்டுரையின் சாரத்தை ஒற்றைச் சட்டத்தில் தரும் படச்சுருக்கம் இப்போது பல இதழ்களில் கேட்கப்படுகிறது. ஆண்ட்ரூ இப்ராஹிம் குழு 2017-இல் அறுவை மருத்துவ இதழ் ஒன்றின் 44 கட்டுரைகளை வைத்துச் சோதித்தது. தலைப்பை மட்டும் ட்விட்டரில் இட்டதைவிடப் படச்சுருக்கத்தோடு இட்டது எட்டு மடங்குக்கும் மேல் பகிரப்பட்டது. கட்டுரையைத் திறந்து பார்த்தது 2.7 மடங்கு. இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரம் கவனிக்கத்தக்கது. பகிர்ந்தவர்களில் பலருக்குப் படச்சுருக்கமே கட்டுரை. அதனால் அதில் எத்தனை நோயாளிகள், எதனோடு ஒப்பிட்டது, முழு எண்ணில் வேறுபாடு எவ்வளவு என்ற மூன்றும் இருந்தாக வேண்டும். ‘ஆபத்து பாதியாகக் குறைந்தது’ என்ற ஒற்றை வரி, ஆயிரத்தில் இரண்டு ஒன்றானதையும் குறிக்கும், ஆயிரத்தில் இருநூறு நூறானதையும் குறிக்கும்.

பார்வையற்ற வாசகருக்கான மாற்றுரையையும் இதே இடத்தில் எழுதிவிட வேண்டும். திரைவாசிப்பு மென்பொருள் ‘படம் 3, பட்டை வரைபடம்’ என்று படித்துவிட்டு நகர்ந்தால் அவருக்கு ஒன்றும் கிட்டாது. எவை ஒப்பிடப்பட்டன, எது கூடுதல், எவ்வளவு கூடுதல் என்பதை இரண்டு வாக்கியத்தில் எழுதலாம். அந்த இரண்டு வாக்கியத்தை எழுத வரவில்லை என்றால், படத்தைத் திரும்ப வரைய வேண்டியிருக்கும்.